ஓர் எழுத்துக்கு இருபது

திரையில் ‘க’ தோன்றிப் பன்னிரண்டு விநாடிகூட ஆகியிருக்காது, சிவரஞ்சனி இருபது வார்த்தைகளையும் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டாள். கடலை, கண், கதவு, கம்பு, கயிறு, கரண்டி, கல், களை, காக்கா, காடு, காது, கால், கிணறு, கிளி, குடம், குதிரை, கூடை, கூரை, கை, கொக்கு. ஒன்றுகூட விடுபடவில்லை. காக்காவில் மட்டும் ஒரு சின்ன இடறல். நேற்றும் அந்த இடத்தில்தான் இடறியது. ஊரில் அவளுக்கு வருவதை அந்தப் பறவையின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள், டாக்டர்கள் எபிலெப்சி என்பார்கள், அம்மா எந்தப் பெயரும் வைக்காமல் ‘அது’ என்பாள். வாய் திறக்கக் கூடாது, நாக்கு அசையக் கூடாது, வார்த்தையெல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அப்படித்தான் ஓடின. ஆனால் எழுத்து இன்னும் போகவில்லை. கண்ணுக்கு மேலே சரித்து வைத்திருந்த சிறிய கண்ணாடியில் அந்தத் திரை தெரிந்தது, திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு ‘க’, அதைச் சுற்றி ஸ்கேன் மெஷினின் சத்தம், யாரோ தகரக் கதவை ஒரே அளவில் தட்டிக்கொண்டே இருப்பதுபோல. ஒவ்வொரு எழுத்தும் முப்பது விநாடி நிற்கும். மீதிப் பதினெட்டு விநாடிக்கு என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பரீட்சையில் சீக்கிரம் முடித்தவர்கள் விடைத்தாளைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும், அதனால் அவளும் திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள். கடலை, கண், கதவு. இரண்டாவது முறை சொன்னால் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்று ஒரு சந்தேகம் வந்தது. கம்பு, கயிறு. எழுத்து மறைந்து கூட்டல் குறி வந்தது.

கூட்டல் குறி வந்தால் ஒன்றும் நினைக்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் அவளுக்கு வராது. இந்த எழுத்துகள் வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. நேற்றுப் பயிற்சியின்போது ஃபர்சானா மேடம் வேறு எழுத்துகளைத்தான் காட்டினார், ‘த’வும் ‘ந’வும், உள்ளே வருவது வேறாக இருக்கும் என்றும் சொன்னார். மேடம் மனநல டாக்டர் இல்லை, பேச்சையும் ஞாபகத்தையும் சோதிக்கிற உளவியலாளர் என்று அவரே முதல் நாள் விளக்கியிருந்தார். உள்ளே என்ன வரும் என்று சொன்னது மாதேஷ் அண்ணன். நேற்று மதியம் வெளிநோயாளிகள் பிரிவின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அரூர்ப் பக்கம், லாரி ஓட்டிக்கொண்டிருந்து வலிப்பு வந்தபின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர், போன மாதம் இதே ஸ்கேனை எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்கு வந்திருந்தார். “என்னதாண்ணா கேப்பாங்க உள்ள?” என்று இவள்தான் ஆரம்பித்தாள். “அது ஒண்ணுமில்ல தங்கச்சி. க போடுவாங்க, கவுல எத்தினி வார்த்த இருக்கோ நெனைச்சிக்கிட்டே இருக்கணும். அப்பறம் ப, அப்பறம் ம. அது முடிஞ்சா காய்கறி, மிருகம்.” “நீங்க எத்தன நெனைச்சீங்க?” “கவுக்குக் கன்னியாகுமரி, கல்கத்தா, காஷ்மீரு. லோடு ஏத்திக்கிட்டுப் போன ஊரா வந்துச்சு. காய்கறின்னு போட்டதும் தக்காளி, வெங்காயம், அதோட கோழிக் கொழம்புக்குப் போயிட்டேன்.” பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “இவுருக்கு அந்தக் குழாய்க்குள்ள போனாலும் சோறுதான்” என்றாள். அவர்கள் சிரித்தார்கள். சிவரஞ்சனி சிரிக்கவில்லை, பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் க, ப, ம, காய்கறி, மிருகம் என்று எழுதிக்கொண்டாள்.

அது தப்பு என்று அப்போது தோன்றவே இல்லை. வரப்போகும் கேள்வி தெரிந்தால் படிக்காமல் விடுவார்களா. விடுதி அறைக்குப் போய், ஓர் எழுத்துக்கு இருபது என்று வைத்துக்கொண்டு, எதையும் மறக்காமல் இருக்க அகராதி வரிசையில் அடுக்கி, சாயங்காலம் முழுக்க நடந்து நடந்து சொல்லிப் பார்த்தாள். அம்மா அஞ்சலை கட்டிலில் உட்கார்ந்து விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். “பதினெட்டுதான் வந்துச்சு, ரெண்ட முழுங்கிட்ட.” “எதம்மா?” “எனக்கு எப்புடிடி தெரியும், நீ சொன்னத எண்ணுனேன்.” பத்தாம் வகுப்பிலிருந்து இதேதான், அவள் சொல்வாள், அம்மா எண்ணுவாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கைக்கூட இப்படித்தான் படித்தாள், கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததும் விடையின் கடைசி வரிவரை கண்ணில் ஓடும், நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. அப்படியே பி.எஸ்ஸி. கணிதம், எழுபத்தெட்டு சதவீதம். வீட்டில் முதல் பட்டம். அதற்கு அரசாங்கமே ஒரு சான்றிதழ் தருகிறது, முதல் பட்டதாரி என்று. இப்போது பெரம்பலூர்ப் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை அவள்தான் தட்டச்சு செய்கிறாள். கூட்டல் குறி போனது. ‘ப’. பசு, படகு, படி, பந்து, பம்பரம், பருத்தி, பல், பழம், பனை, பாக்கு, பாம்பு, பாய், பால், பானை. மளமளவென்று. இதில் இடறலே இல்லை. இதில் எதையும் தேடவே இல்லை என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. வந்த வேகத்தில் போயும் இருக்கலாம், போகவில்லை.

தேடவே இல்லை. தேடுவது என்ற வார்த்தையை மேடம்தான் சொன்னார். நேற்றுச் சொன்னபோது இவள் தலையாட்டினாள், ஆனால் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். “இதுல மார்க் எல்லாம் கிடையாது சிவரஞ்சனி.” மார்க் கிடையாது என்று சொல்கிற டீச்சர்கள் எல்லோரும் சாயங்காலம் மார்க் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் அந்த வாக்கியத்தோடு கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது படுத்த இடத்தில், தலையைச் சுற்றிக் கூண்டுபோல் ஒன்றை மாட்டி, காதில் பஞ்சடைத்துக் கிடக்கும்போது மீதிப் பாதி ஒவ்வொன்றாக வருகிறது. “எத்தன வார்த்தங்கறது எங்களுக்கு முக்கியமே இல்ல. நீங்க வார்த்தையத் தேடுறீங்க பாருங்க, அப்ப மூளைல எந்த இடத்துக்கு ரத்தம் அதிகமா போகுதுன்னு மெஷின் பார்க்கும். அந்த இடத்தத்தான் டாக்டர் தொடக் கூடாது.” தேடுறீங்க பாருங்க, அப்ப. பாக்கு, பாம்பு, பாய் என்று வரிசையாக விழும்போது யார் எதைத் தேடினார்கள். அது மனப்பாடம். மனப்பாடம் இருக்கிற இடமும் பேச்சு இருக்கிற இடமும் ஒன்றா? ஒன்றாகவும் இருக்கலாம். பால், பானை என்பதும் வார்த்தைதானே. வாய்ப்பாடு சொல்லும்போது கணக்குப் போடுகிறோமா? இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஏழையும் எட்டையும் பெருக்கி வருவதில்லை, அது ஒரு பாட்டு. அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள், மெஷின் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கூட்டல் குறி. சும்மா இருக்க வேண்டும்.

பெரிய டாக்டர் முன்பு ஒருநாள் கணினியில் அவளுடைய மூளையின் படத்தைக் காட்டியிருந்தார். இடது பக்கம், காதுக்கு மேலே உள்ளே தள்ளி, சுருங்கிப்போன சின்னப் பகுதி. அங்கிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது, பதினான்கு வயதிலிருந்து, மாதம் நான்கைந்து, மூன்று வகை மாத்திரைக்கும் அடங்காமல். எடுத்துவிட்டால் நின்றுபோக நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடது பக்கம்தான். “எது வரைக்கும் வெட்டலாம், எங்க நிறுத்தணும்னு தெரியணும்மா. இல்லன்னா வலிப்பு நிக்கும், ஆனா பொருளோட பேரு வராது. கண் முன்னாடி இருக்கும், என்னன்னு தெரியும், பேரு மட்டும் வராது.” டாக்டர் தன் மேசையில் இருந்த ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினார், அவர் கையில் இருந்தது காகிதத்தில் துளை போடும் கருவி, அவளுக்குப் பெயர் வந்தது, அவசரமாக வந்தது, ஸ்டேப்ளர் என்று அவர் கேட்காமலே சொன்னாள், அது ஸ்டேப்ளர் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தபிறகும் அந்தப் பொருளின் சரியான பெயர் என்ன என்று தெரியாமல் படிக்கட்டில் நின்றுவிட்டாள். அவளுடைய வேலையே பெயர்கள்தான். வருகிறவர்கள் பாதி சொல்வார்கள், கையால் காட்டுவார்கள், அழுவார்கள், அதை எல்லாம் அவள் வரியாக்குவாள், மேற்படி சர்வே எண்ணில் உள்ள, எனது கணவர் பெயரில் உள்ள. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் படிக்க அவளைத் தவிர ஆள் இல்லை. போன பங்குனியில் நல்லுசாமி என்று ஒருவர் வந்தார், அடங்கலைத் திருத்த மனு எழுதச் சொல்லி. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று ஊர்ப் பதிவேட்டில் எழுதுவதுதான் அடங்கல். அவருடைய மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருக்கிறது, மழைக்குப் பயந்து நான்கு நாள் முன்னால் அறுத்துவிட்டார், பதிவு எடுக்க வந்தவர் கண்ணில் பட்டது வெறும் தரை, தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். “பொய் ஒண்ணும் எழுதலம்மா அவரு. அன்னைக்கு அங்க ஒண்ணும் இல்லதான்” என்று அந்த மனிதர் சொன்னார், கோபமே இல்லாமல். அவள் அன்று மனுவை அடித்து முடித்ததோடு சரி. இப்போதுதான் அந்தப் பேச்சு திரும்ப வருகிறது. மெஷினும் பொய் எழுதாது. அன்றைக்கு அங்கே என்ன நடந்ததோ அதை எழுதும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றால் தரிசு. தரிசு நிலத்தில் கத்தி போகும்.

‘ம’ வந்துவிட்டது. இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும், லிஸ்ட்டை எடுக்கக் கூடாது, புதிதாகத் தேட வேண்டும். மஞ்சள். அது லிஸ்ட்டில் இருக்கிறது. மண், மயில், மரம், மருந்து, அய்யோ, எல்லாம் அதே வரிசையில், தள்ளத் தள்ள முண்டியடித்துக்கொண்டு. மலை, மழை, மாடு, மாம்பழம். இவற்றைத் தவிர ‘ம’வில் வேறு சொல்லே தமிழில் கிடையாது என்பதுபோல. மாத்திரை என்று ஒன்று புதிதாகக் கிடைத்தது, ஒரு விநாடி சந்தோஷம், உடனே அது தேடிக் கிடைத்ததா, லிஸ்ட்டைப் பிடித்துத் தள்ளிய தள்ளலில் கிடைத்ததா என்று சந்தேகம். தள்ளுவதும் ரத்தத்தை இழுக்கும் வேலைதானே, அது எந்த இடத்தில் நடக்கிறதோ, அங்கே ஒரு வெளிச்சம் விழுந்து டாக்டர் அதைப் பேச்சு என்று நினைத்துவிட்டால்? மார்க்குக்காக மட்டும் இதைப் படித்தோமா என்று தன்னையே கேட்டாள். நேர்மையாகப் பார்த்தால் இல்லை. வார்த்தை வராமல் நிற்பதுதான் அவளுக்குப் பயம். ‘அது’ வரும்போது முதலில் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், ரப்பர் கருகும் வாடை அடிக்கும், பிறகு சொல்ல வந்த வார்த்தை இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. மனுக் கொடுக்க வந்தவரின் முகம் தெரியும், வாய் அசைவது தெரியும், பதில் சொல்ல வாயெடுத்தால் உள்ளே வெறும் பள்ளம். அதற்குமேல் தெரியாது. முழித்துப் பார்த்தால் யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருப்பார்கள். அந்தப் பள்ளம் வராமல் இருக்கத்தான் அவள் எப்போதும் எதையாவது தயாராக வைத்துக்கொண்டிருக்கிறாள். கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டியதை மூன்று முறை, போனை எடுக்கும் முன் பேச வேண்டியதை இரண்டு முறை. பத்து வருடமாக எந்த வார்த்தையையும் அவள் நின்று தேடியதே இல்லை. மெஷின் கேட்பதோ அதை மட்டும்தான். கூட்டல் குறி வந்தது, சத்தம் நின்றது.

காதோரம் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. டெக்னீஷியன் எட்வின். “சூப்பர் சிவரஞ்சனி. தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையல. இவ்ளோ நீட்டா யாரும் பண்ணதில்ல. அடுத்தது காய்கறி, மிருகம், அஞ்சு நிமிஷம், அதோட முடிஞ்சது.”

பாராட்டைக் கேட்டதும் எப்போதும்போல உடம்பு தளர்ந்தது, அதுவே அவமானமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே என்ன ஓடியது என்பதற்கு அவளைத் தவிர சாட்சி இல்லை. சொன்னால், நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த இந்தத் தேதி போகும், அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி என்று குறித்திருக்கும் ஆபரேஷனும் தள்ளிப்போகலாம், அம்மா வெளியே பெஞ்சில் இருக்கிறாள், அவளிடம் என்ன என்று சொல்வது, நீ எண்ணிக் கொடுத்ததெல்லாம் தப்பாகப் போயிற்று என்றா. படித்த பெண் இப்படிச் செய்தாளே என்று இவர்கள் சாயங்காலம் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஒருவேளை கேட்டவுடன் அனுப்பிவிடுவார்கள். ஒருவேளை மாதேஷ் அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இதையும் எப்படிச் சொல்வது என்று மனசு வரியாக்கத் தொடங்கியது, மேடம், நான் ஒரு விஷயம் சொல்லணும், அதை இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்கும் முன்பே வாய் திறந்துவிட்டது.

“மேடம் இருக்காங்களா?”

“இருக்கேன், சொல்லுங்க. தலைய மட்டும் ஆட்டாதீங்க.”

“நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டேன் மேடம்.”

“எத?”

“க, ப, ம. ஒரு எழுத்துக்கு இருபது. காய்கறியும் மிருகமும்கூட. என்ன வரும்னு நேத்தே தெரிஞ்சு போச்சு. நீங்க தேடணும்னு சொன்னீங்க. நான் தேடல. ஒப்பிச்சேன்.”

அந்தப் பக்கம் மைக்கை அணைத்துவிட்டுப் பேசுகிறார்கள் போலிருந்தது. திரும்ப வந்தபோது எட்வினின் குரல் பாதியில் இருந்தது, “…வெளிய அடுத்த ஸ்கேனுக்கு இருக்குற கொழந்தைக்கு மயக்க மருந்து குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க மேடம்.”

“பத்து நிமிஷம் தள்ளச் சொல்லுங்க எட்வின், நான் பேசிக்கிறேன். சிவரஞ்சனி, யாரு சொன்னா உங்களுக்கு?”

“அது வேணாம் மேடம்.”

“சரி, வேணாம். ரெண்டு வருஷமா அதே மூணு எழுத்த நான்தான் மாத்தாம வெச்சிருக்கேன். வெளிய பெஞ்சுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்போல.” மேடம் லேசாகச் சிரித்தார், கேலி அதில் இல்லை. “சொல்லாம விட்டிருந்தா நான் அந்தப் படத்த நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப எடுத்தத வெச்சுக்க மாட்டேன். புதுசா மூணு எழுத்து போடுறேன். எந்த எழுத்துன்னு எட்வினுக்கே தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருப்பீங்களா?”

“இருப்பேன்.”

“வார்த்த வரலன்னா வரல. வராத நேரத்துலயும் தேடிக்கிட்டே இருங்க. அவ்ளோதான்.”

சத்தம் மறுபடி தொடங்கியது, அதே தகரக் கதவு. கூட்டல் குறி நின்றது, நின்றது, பிறகு ‘வ’. வண்டி. சட்டென்று வந்தது. வாழை. வீடு. அதுவும் எளிது. வலி. அது வந்தால் அதன் பின்னாலேயே வரும் என்று தெரியும், வந்தது, வலிப்பு, இங்கே எல்லோரும் அதை அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள், ஊர்ப் பறவையைச் சேர்க்காமல். வெயில். அப்புறம். அப்புறம் இல்லை. ‘வ’ வெள்ளையாக நின்றது. வ, வா, வி என்று வரிசையைப் பிடிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். பள்ளம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த பள்ளம், விளிம்பில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. வயிறு? வயிற்றில் ஒன்றும் ஏறவில்லை. வாடை? பிளாஸ்டிக் குழாயின் வாடை மட்டும், கருகல் இல்லை. அப்படியானால் இது ‘அது’ இல்லை. இது வெறும் மறதி. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு, டாக்டருக்கு, எட்வினுக்கு, எல்லோருக்கும் தினம் பத்து முறை வருவது, அவர்கள் நெற்றியைத் தடவிக்கொண்டு, அட, என்னமோ சொல்ல வந்தேனே என்பார்கள், யாரும் சாவியைத் தேடி ஓடுவதில்லை. அவள் உள்ளே இறங்கிப் பார்த்தாள். இருட்டில் கையை நீட்டித் துழாவுவதுபோல் இருந்தது, ஏதோ தட்டுப்பட்டது, சொல் இல்லை, சொல்லின் கனம் மட்டும், வீட்டுக்குள் இருப்பது, மூலையில் சாய்ந்து நிற்பது, அம்மா கோபம் வந்தால் கையில் எடுப்பது, பெயர் வரவில்லை, வரவில்லை, விளக்குமாறு. வந்த வேகத்தில் சிரிப்பு முட்டியது, தலை அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி ஒன்றுமில்லை, நீளமாக ஒன்றுமில்லை, அதிலும் தேடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வெங்காயம்.

எட்டுதான். கூட்டல் குறி வந்தபோது எண்ணிப் பார்த்தாள், எட்டு. இருபதுக்கு எட்டு. அவள் வாங்கியதிலேயே குறைந்த மார்க் இதுதான். நெற்றியோரம் வியர்த்திருந்தது, மூளையில் எங்கோ ஓரிடம் நிஜமாகவே ஓடிக் களைத்ததுபோல் இருந்தது, அது எந்த இடம் என்று மேடத்துக்குத்தான் தெரியும். கண்ணாடியைப் பார்த்தபடி அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தாள். அது எது என்று அவளுக்குத் தெரியாது.